மூன்றாம் வரிசை, ஜன்னல் பக்கம்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

முதல் வரியில் நலம் விசாரிப்பது வழக்கம். நான் விசாரித்தால் "இப்பத்தான் தோணுச்சா?" என்று கேட்பாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசலாம் என்று பலமுறை எடுத்துவிட்டு வைத்தேன். நாம் போனில் பேசினால் எப்படி முடியும் என்று உனக்கும் தெரியும். அத்தான் பக்கத்து அறையிலிருந்து "மெதுவா பேசுங்களேன், தெருவே கேக்குது" என்று சொல்வது வரை போகும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பாய முடியாது.

அம்மா போனபிறகு நாம் பேசவில்லை. அன்று நான் மாடியில் இருக்கும் நம் வழிபாட்டுக் கூடத்துக்கு ஏறி வரவில்லை. இறந்தவரின் நாற்காலியைப் பிள்ளைகள் சேர்ந்து தூக்கிப் படியிறக்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கீழே செருப்புக் கடை வாசலில் நின்றேன், நீ தனியாகத் தூக்கி வந்தாய். நம்பிக்கை இல்லாதவன் அந்த அறையில் வந்து நின்று நடிக்கக் கூடாது என்று அப்போது நினைத்தேன். அதைப் பற்றி வாதாட இன்று உட்காரவில்லை.

வேலை போகிறது. அதே விளையாட்டு நிறுவனம்தான். இப்போது செய்வது பழங்கால அரசர்களைப் பற்றிய பெரிய கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆடுகிறவர் ராஜா. ஊர் கட்டலாம், வரி போடலாம், சண்டைக்குப் போகலாம். அதில் மதங்கள் எப்படிப் பரவும், எப்படித் தேயும் என்று விதி எழுதுவது என் பொறுப்பு. பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நீ சிரிப்பது கேட்கிறது.

சும்மா ஒன்று கேட்கிறேன். கூடத்தை விட்டுப் போனவர்களின் நாற்காலிகளை இப்போதும் அப்படியே வைத்திருக்கிறீர்களா? யார் துடைப்பது? போனவர் திரும்பி வந்தால் என்ன கேட்பீர்கள், என்ன செய்யச் சொல்வீர்கள்? சின்ன வயதில் பார்த்ததெல்லாம் அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நாளாக ஏனோ அதே நினைப்பாக இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கைப்பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். துணி உலர்த்தும் மெஷின் ஓடும்போது யார் அழுதாலும் வெளியே கேட்காது. அழுதேன் என்று சொல்லவில்லை. வசதியைச் சொல்கிறேன்.

அம்மா நாற்காலி விஷயத்தை நீயே எழுதிவிட்டதால் நான் எழுதவில்லை. ஆனால் படியின் திருப்பத்தில் என் முழங்கை இடித்துக்கொண்டது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நாற்காலி இப்போது என் சமையலறையில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எதுவும் மாறவில்லை. கூடத்தில் சேருகிறவர் அவரவர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவருகிறார். செத்தால் அது வீட்டுக்குத் திரும்புகிறது. உயிரோடு விட்டுப் போனால் அங்கேயே இருக்கிறது. போனவரின் சொந்தக்காரர் யாராவது அதை வாரா வாரம் துடைக்க வேண்டும். உன்னுடையது மூன்றாம் வரிசை, ஜன்னல் பக்கம், எனக்கு நேர் பின்னால். முதலில் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது, அட்டையை மடித்து அடியில் வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தால் என்ன கேட்போம் என்கிறாய். ஒன்றும் கேட்கமாட்டோம். வந்தவர் வந்து தன் நாற்காலியில் உட்காரலாம், அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. காலடி கேட்டாலும் கழுத்து அசையக் கூடாது. திரும்பிப் பார்த்தால் வந்தவர் நமக்கு ஏதோ பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுகிறார் இல்லையா? தையல்காரர் எத்தனையோ வருஷம் கழித்து வந்தாரே, அன்று அவர் மகன் முன்வரிசையில் இருந்தான். காது இரண்டும் சிவந்துபோனது, ஆனால் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நம் கூடத்துக் கடிகாரக்காரரிடம் மட்டும் சொன்னேன், "என் தம்பி நாற்காலியப் பத்தி கேட்டு எழுதியிருக்கான்." அவர் அடுத்த வாரம் கோந்தும் கயிறும் கொண்டுவந்து, தன் முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து, ஆடுகிற காலை ஒட்டினார். அட்டையை எடுத்துவிடலாம் என்றார். நான் எடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

கூடத்தில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அமைதி நேரத்தில் வேண்டுமென்றே இருமுவாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி உன் தொடையில் கிள்ளுவேன். அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

எப்போது வருகிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்கக் கூடாது.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உன் கடிதம் வந்தது. அவ்வளவு விவரமாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை. கடிகாரக்காரரிடமெல்லாம் எதற்குச் சொன்னாய்? பாவம், அந்த முட்டியோடு அவர் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னும் ஒன்றுதான், ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். இதுவரை யாராவது அந்த நாற்காலிகளை எடுத்ததுண்டா? எடுக்கச் சொல்லி வெளியிலிருந்து உத்தரவு வந்தால் கூடத்தில் என்ன செய்வார்கள்?

இங்கே வேலை தலைக்குமேல் இருக்கிறது. சாப்பாடு மேஜையிலேயே நடக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, சுருக்கமாக எழுதுகிறேன். ஒரு வரியை அடித்திருக்கிறேன், அதைக் கண்டுகொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

அடித்த வரியைக் கண்டுகொள்ளாதே என்றால் யார் கண்டுகொள்ளாமல் இருப்பார்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "நீ நினைக்கிற மாதிரி" என்பது வரை தெரிந்தது. மிச்சம் இப்போது தெரிந்துவிட்டது.

போன ஓய்வுநாள் கூடம் முடிந்ததும் கடிகாரக்காரரின் மகள் போனை நீட்டினாள். "அக்கா, இதப் பாருங்களேன், நம்ம கூடம் மாதிரியே இருக்கு." உன் விளையாட்டின் விளம்பரம். ஏதோ ஒரு மலையடிவாரத்து ஊர். மாடியில் ஓர் அறை. நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. மூன்றாம் வரிசையில் ஜன்னல் பக்கம் ஒன்று காலி. அதன் கால் அடியில் மடித்த அட்டை. அரசர் காலத்தில் ஏதுடா அட்டை?

கீழே எழுத்து ஓடியது. "திரும்பி வருபவரை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை." நான் உனக்கு எழுதின வாக்கியம். அப்புறம் ஒரு பெண் குரல். "இப்ப பாருங்க வேடிக்கைய," என்று சிரிக்கிறாள். "நாற்காலிகளை அகற்று" என்று ஒரு பட்டன். அதை அமுக்குகிறாள். எல்லா நாற்காலியும் முற்றத்தில் குவிந்து எரிகிறது. மூலையில் விறகு என்று ஓர் எண் சலங்கைச் சத்தத்தோடு ஏறுகிறது. கடிகாரக்காரரின் மகளும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

என்னைத் தகவல் கேட்டாய், நான் தகவல் கொடுத்தேன். தொழிலுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட எழுதியிருப்பேன், கொஞ்சம் திட்டிவிட்டு. "ஏனோ அதே நினைப்பாக இருக்கிறது" என்று எழுதினாயே, அதை எதற்காக எழுதினாய்? நீ வரப்போகிறாய் என்று நான் நினைத்தேன். நான் அப்படித்தான் நினைப்பேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்து, இன்னொரு கேள்வி கேட்டாய். அந்த மனிதர் வலியோடு உட்கார்ந்து கால் ஒட்டினார். கூடத்தில் எல்லோரும் ஒரு மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல மாதிரியாகத்தான். எனக்கு இப்போது அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது.

இனி நாற்காலியைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே. உன் நாற்காலியைப் பற்றியும்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நீ எழுதியது அத்தனையும் சரி. எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதைச் சொன்னால் என் மேல் உள்ள தப்பு குறையும் என்பதற்காக இல்லை. முழுசாகத் தெரிந்துகொண்டு திட்டு.

எங்கள் விளையாட்டில் பெரிய மதம் சின்ன மதத்தை இழுக்கும். பெரிய கோயில், சந்தை, ராஜாவின் ஆதரவு எல்லாம் சேர்ந்து இழுக்கும்படி எண்கள் போட்டிருந்தேன். ஆட்டம் பாதி போவதற்குள் சின்ன மதங்கள் எல்லாம் கரைந்து, வரைபடம் முழுக்க ஒரே நிறமாகிவிடும். பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "உப்புச்சப்பில்லாம இருக்கேப்பா," என்றார். புனித இடம் வைத்துப் பார்த்தேன், துறவிகளை அனுப்பிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. அப்போதுதான் கூடம் ஞாபகம் வந்தது. ஒரு சின்ன மதத்துக்கு மட்டும் அந்த விதியை எழுதினேன். மதத்தை விட்டுப் போகிறவர் ஒரு நாற்காலியை விட்டுப் போகிறார். ஒவ்வொரு காலி நாற்காலிக்கும் ஊருக்குக் கொஞ்சம் துக்கம் கூடும். ஆனால் ராஜாவின் பிடி தளர்ந்தால், போனவர் திரும்பி வந்து உட்காருவார்.

திரும்பி வருவதற்கு என்ன விலை வைப்பது என்றுதான் தெரியவில்லை. எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. அதற்காகத்தான் உனக்கு எழுதினேன். "ஒன்றும் கேட்கமாட்டோம்" என்று நீ எழுதியிருந்தாய். நான் பூஜ்யம் என்று போட்டேன். அந்த மதம் அதற்குப் பிறகு அழியவே இல்லை, அக்கா. யார் எவ்வளவு நசுக்கினாலும் எங்காவது ஓர் ஊரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் தனியாக உட்கார்ந்து ஆடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் இருக்கிறாள். நாள் முழுக்க ஆடி ஆடிக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. பூச்சி என்று கூப்பிடுவோம், எந்த மருந்துக்கும் போகாத ஆள் என்பதால். விளம்பரத்தில் சிரிக்கிற குரல் அவளுடையது. "இந்த நாற்காலிக்காரங்கள ஒழிக்கவே முடியல, கடுப்பா இருக்கு," என்று எழுதிக் கொடுத்தாள். ஆடுபவருக்கு ஒரு வழி கொடு என்று பொறுப்பாளர் சொன்னார். உன்னிடம் இரண்டாம் தடவை கேட்டது அதற்காக. நீ பதில் எழுதுவதற்குள் நானே பட்டனை வைத்துவிட்டேன்.

விறகு என் யோசனை. வேறு யாரும் சொல்லவில்லை. குளிர்காலத்துக்கு முன்னால் ஊர்களில் விறகு குறையும்படி விதி ஏற்கெனவே இருந்தது. பட்டன் என்று ஒன்று இருந்தால் அதில் நல்ல லாபம் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், கை பழக்கத்தில் தாராளமாகவே வைத்தேன். யாராவது தயங்குவார்கள் என்று நினைத்தேன். சோதனைக்கு ஆடியவர்களில் ஒருவர்கூடத் தயங்கவில்லை.

அட்டையைப் பற்றி ஓவியரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "இருக்கட்டும்" என்றேன். உன் கடிதத்தில் அந்த வரிக்கு வந்ததும் எனக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். விதிக்காகப் பயந்தேனா, உன் கடிதத்துக்காகப் பயந்தேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "வெளியீட்டுக்கு நாள் குறிச்சாச்சு, இப்பப் போய் அஸ்திவாரத்த நோண்டுறியே," என்றார் பொறுப்பாளர்.

தம்பி


மே 5

தம்பி,

உன் விளையாட்டை ஆடினேன். முன்னோட்டம் என்று கொஞ்சம் இலவசமாக விட்டிருக்கிறீர்களாமே, கடிகாரக்காரரின் மகள் வீட்டில் ஆடினேன். முதலில் மவுஸ் என்கிற அந்த எலியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை, அந்தப் பெண் என் கையைப் பிடித்து நகர்த்தினாள். என் ராஜ்யத்தில் வரி கிடையாது. ஊருக்கு ஊர் துணி துவைக்கத் துறை கட்டினேன். கஜானா சீக்கிரமே துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மந்திரி என்று ஒருத்தன் மூலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான், அவனுக்கு உன் அத்தான் ஜாடை.

பட்டனை அமுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். உனக்குப் பாடம் எழுதி அனுப்ப வேண்டும், "பார், ஒருத்தி தயங்கினாள்" என்று. குளிர்காலம் வந்தது. விறகு இல்லை. மலையடிவாரத்து ஊரில் குழந்தைகள் சாகிறார்கள் என்று ஒரு வரி வந்தது. அமுக்கிவிட்டேன். கை தானாகப் போனது என்று எழுதலாம், அது பொய். யோசித்துத்தான் அமுக்கினேன். மரம்தானே, ஆள்தான் இல்லையே என்று நினைத்து அமுக்கினேன். சலங்கைச் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. விதியை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், பாவி.

அப்புறம் அந்த வீட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதே யோசனையை நான் ஏற்கெனவே ஒரு தடவை யோசித்திருந்தேன்.

உனக்கு ஏப்ரலில் எழுதினேனே, அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. உன் நாற்காலியைத் தூக்கினேன். அம்மாவுடையதை இறக்கின அதே படி, அதே திருப்பம், அதே முழங்கை. செருப்புக் கடைக்குப் பக்கத்தில் பழைய சாமான் வண்டி நிற்கும் இடத்தில் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தம் வரை போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பி ஓடிவந்து பார்த்தால் காணோம். வண்டிக்காரரைத் தேடி மார்க்கெட் வரை போனேன். கடிகாரக்காரர் ஒட்டின கால் என்பதால் நல்ல விலைக்குப் போயிருக்கும்.

இந்தக் கூடத்தில் நாற்காலி எடுத்தவர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தாய். அதுவரை யாரும் இல்லை. நான்தான் முதல். ராஜா உத்தரவு போடவில்லை, எனக்குக் குளிரவும் இல்லை. உன்மேல் கோபம், அவ்வளவுதான் காரணம்.

அடுத்த ஓய்வுநாள் எல்லோரும் வந்தார்கள். மூன்றாம் வரிசை, ஜன்னல் பக்கம், தரையில் நாலு கால் தடம், அதில் ஒன்றின்மேல் மடித்த அட்டை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் அந்த இடம் மறைந்துவிடும், ஒருவரும் நகரவில்லை. வரிசை அப்படியே இருக்கிறது, உன் இடம் மட்டும் காலியாக. பெருக்கும்போது அந்த அட்டையைத் தொடாமல் சுற்றிப் பெருக்குகிறார் தையல்காரர். எனக்குத் துடைக்க ஒன்றும் இல்லை, துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உன்னை நான் திட்டினதெல்லாம் திட்டினதுதான். ஆனால் என்னை யார் திட்டுவது என்று தெரியவில்லை.

அக்கா


மே 13

அக்கா,

நாற்காலி போனதற்கு எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்து பார்த்தேன். அதை உன்னை எடுக்க வைத்தவன் நான். இன்று மதியம் பொறுப்பாளர் ஏதோ எண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நீ மார்க்கெட்டில் வண்டிக்காரரைத் தேடி ஓடியது மட்டுமே கண்ணில் இருந்தது.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன், அதற்காகவாவது படி.

நீ எழுதிய அந்தக் காலி இடம். நாற்காலி போனபிறகும் யாரும் நகர்ந்து அதை மூடவில்லை என்று எழுதினாயே. அதை விளையாட்டில் வைக்க முடியும். ராஜா நாற்காலிகளை எரிக்கலாம், விறகும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வரிசையில் இடம் அப்படியே நிற்கும். போனவர் அந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கலாம். அப்படியென்றால் பட்டனை அமுக்கினாலும் அந்த மதம் சாகாது. பொறுப்பாளரிடம் மேலோட்டமாகச் சொன்னேன், "சின்ன மாத்தம்தானே, செஞ்சுக்கோ," என்றார். என் மனசில் இருக்கிற பாரத்துக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகமாகவும் இருக்கிறது.

பூச்சியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஓர் இடம் நிஜமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உடனே விலாசம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

சம்மதம் இல்லையென்றால் ஒரு வார்த்தை போதும்.

தம்பி


ஜூன் 2

தம்பி,

கூடாது.

ஒரு வார்த்தை போதும் என்றாய், ஆனால் எனக்கு அவ்வளவு சுருக்கமாக எழுதிப் பழக்கமில்லை. நான் திருட்டுத்தனமாக ஒரு காரியம் செய்தேன். அதற்கு அவர்கள் வாயால் ஒன்றும் சொல்லாமல், தங்கள் நாற்காலியை நகர்த்தாமல் ஒரு பதில் சொன்னார்கள். அது எனக்குச் சொன்ன பதில். உனக்கு எழுதினேன், ஏனென்றால் நீ என் தம்பி. ராஜாக்களுக்கு எழுதவில்லை. உன் மனசு லேசாக வேண்டும் என்றால் வேறு வழி பார்.

இந்தக் கடிதத்தை இவ்வளவு எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன், தபாலில் போடவில்லை. இன்று ஓய்வுநாள். கூடத்துக்குப் போய் இப்போதுதான் வந்தேன். மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அமைதி நேரம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். படியில் காலடி கேட்டது. திருப்பத்தில் நின்றது. இறங்கிப் போய்விடும் என்று நினைத்தேன், ஏறியது. உள்ளே வந்து, சுவரோரமாக நடந்து, எனக்கு நேர் பின்னால் நின்றது. மூன்றாம் வரிசை, ஜன்னல் பக்கம். உட்கார நாற்காலி இல்லை, அதனால் நின்றது. என் கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டது, தம்பி. நான் திரும்பவில்லை. மடியில் இருந்த துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். தையல்காரர் மகன் காது ஏன் சிவந்தது என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது.

அமைதி முடிந்து எல்லோரும் எழுந்தபோது பின்னால் யாரும் இல்லை. அட்டை மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. யாரிடம் கேட்பது? ஒருவரும் பார்க்கவில்லை. கடிகாரக்காரர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நீ இருமவில்லை. வளர்ந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், இந்தத் தடவை மெஷின் ஓடவில்லை, அத்தானுக்குக் கேட்டிருக்கும்.

கேட்கக் கூடாதுதான். கேட்கிறேன். நீதானே?

அக்கா


ஜூன் 10

அக்கா,

அது நான் இல்லை.

"ஆமாம்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நீ சந்தோஷமாக இருந்திருப்பாய், யாரும் பார்க்கவில்லை, உனக்குத் தெரியவே போவதில்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நீ தப்பாக நினைக்கும்படி விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். இரண்டாம் தடவை முடியாது.

வந்தது பூச்சி. விலாசத்தை நான் கொடுக்காவிட்டாலும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள், குறை தேடுகிற ஆளுக்குக் கூடம் தேடுவது பெரிய வேலையா. "நான் போறேன், நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டாள். நானும் வந்தேன், அக்கா. அதே செருப்புக் கடை வாசல் வரை வந்தேன். அவள் ஏறினாள். நான் நின்றேன். அம்மா போன அன்றைக்கு நான் நின்ற அதே இடம். அன்று நம்பிக்கை இல்லை என்று நின்றேன். இன்று எந்த முகத்தோடு ஏறுவது என்று நின்றேன். காரணம் மாறினாலும் நின்ற இடம் மாறவில்லை.

அவள் இறங்கி வந்தாள். "நிக்க ஒரு இடம் இருந்துச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல. முன்னாடி ஒரு அம்மா துணியப் பிழிஞ்சிக்கிட்டே இருந்தாங்க," என்றாள். பஸ்ஸில் ஊர் நெருங்கும்போது, "அது யாரோட இடம்?" என்று கேட்டாள். என்னுடையது என்றேன். "அப்ப நீங்க ஏன் கீழ நின்னீங்க?" என்றாள். அவள் மறுபடி வந்தால் விரட்டிவிடாதே. விளம்பரத்தில் சிரித்த குரல் அவளுடையதுதான், அதையும் மறைக்கவில்லை.

விளையாட்டு வெளியாகிவிட்டது. நீ சொன்னபடி அந்தக் காலி இடம் அதில் இல்லை. அட்டையை ஓவியரிடம் சொல்லி எடுத்துவிட்டேன், அதற்கு மட்டும் பொறுப்பாளர் தடை சொல்லவில்லை. பட்டன் இருக்கிறது, விறகும் இருக்கிறது. எத்தனை பேர் அமுக்குகிறார்கள் என்று தினமும் எங்களுக்கு எண் வரும். பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் நீ படியிறங்குவது மாதிரியே இருக்கிறது.

வருவேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் நீ அதைக் கடிகாரக்காரரிடம் சொல்வாய், அவர் கோந்தைத் தேடுவார். எனக்கு நம்பிக்கை இன்னும் வரவில்லை, வரும் என்று தோன்றவும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு தடவையாவது நின்று, உன் முதுகைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும்போல் இருக்கிறது.

எந்த வாரமாவது பின்னால் காலடி கேட்டால், இந்தத் தடவை மாதிரி நீ ஏமாற வேண்டாம். நானாக இருந்தால் இருமுவேன். நீ கையைப் பின்னால் நீட்டிக் கிள்ளு. கழுத்தைத் திருப்பக் கூடாது என்றுதானே விதி.

தம்பி